நக்கிள்ஸ் மலையின் இலைமூக்கு ஓணான்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வேலியில் தலை சிவந்த ஓணான் ஒன்று திரிகிறது. அரிய இனமான இலைமூக்கு ஓணான் இதுதானா?

பதில்: இல்லை, அது இனப்பெருக்கக் காலத்து ஆண் தோட்ட ஓணான். இலைமூக்கு ஓணான் இலங்கையின் நக்கிள்ஸ் மலைக்காடுகளில் மட்டுமே வாழ்கிறது. அதன் மூக்கின் நுனியில், பக்கவாட்டில் தட்டையான, சிறு இலை போன்ற சதைக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பாசி படர்ந்த தண்டைப் பற்றியபடி அது அசையாமல் இருந்தால், பழகிய கண்களுக்கும் முதலில் அந்தக் 'கொழுந்து'தான் தென்படும்.

கேள்வி: தூரத்திலிருந்து பார்த்தால் நக்கிள்ஸ் பச்சைப்பசேல் என்றுதானே இருக்கிறது? பிறகு இந்த ஓணான் வாழிடத்தை இழந்துவருகிறது என்கிறார்களே, அது எப்படி?

பதில்: அந்தப் பச்சைதான் நம்மை ஏமாற்றுகிறது. ஏலம் பயிரிடுவோர் நிழலுக்காகப் பெருமரங்களை விட்டுவைத்து, அவற்றின் கீழுள்ள செடிகளையும் இளங்கன்றுகளையும் வெட்டி அகற்றுவார்கள். ஆகையால் மேலிருந்து நோக்குபவருக்குக் காடு குறைந்ததாகவே தோன்றாது. ஆனால் முதிர்ந்த மரம் ஒன்று சாயும்போது அதன் இடத்தைப் பிடிக்கக் கன்று இல்லை. திறந்துபோன இடைவெளியில் வெயிலும் காற்றும் புகுந்து சருகுப்படுகையை உலர்த்துகின்றன. நிழலையும் ஈரத்தையும் நம்பி மரத்தில் வாழ்ந்து, முட்டையிட மட்டும் மண்ணுக்கு இறங்கும் ஓர் உயிரினத்திற்கு இது சிறிய மாற்றமன்று. போதாததற்கு, ஏலக்காயை உலர்த்தும் அடுப்புகளுக்கும் இதே காட்டின் விறகே போயிற்று.

கேள்வி: அப்படியானால் ஏலத் தோட்டங்களில் இந்த ஓணான் அறவே இல்லையா?

பதில்: இருக்கிறது. நிழல் அடர்ந்த ஏலத் தோட்டங்களிலும் இதனைக் கண்டிருக்கிறார்கள் என்பதால், ஏலச்செடியையே எதிரியாகச் சித்திரிப்பது நியாயமாகாது. கைவிடப்பட்ட தோட்டங்களில் அடிக்காடு மீள வளர்வதற்கு வழிவிடுவதே, என் கணிப்பில், இன்று செய்யத்தக்க முதல் வேலை. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைத் தளத்தில் ஒரு பகுதியாகவும் சேர்ந்தது. ஆயினும் அறிவிப்பினால் மட்டும் கன்றுகள் முளைத்துவிடுவதில்லை.

கேள்வி: இங்கே காடு அழிந்தால் இது வேறு மலைக்குப் போய்விடாதா?

பதில்: போக வழியில்லை. மெதுவாக நகரும் இந்த ஓணானுக்கு, மலைகளுக்கு இடையிலுள்ள தேயிலைத் தோட்டங்களும் வெப்பமான தாழ்நிலங்களும் கடல் போன்றவை. இதன் உறவினங்களும் இப்படித்தான் ஆங்காங்கே ஒதுங்கியுள்ளன; கொம்பு ஓணான்களில் இரண்டு இனங்கள் இறக்குவானை மலைப்பகுதியிலிருந்து 1998இல்தான் விவரிக்கப்பட்டன.

கேள்வி: வெளிநாட்டில் இதனை வளர்ப்புப் பிராணியாக விற்கிறார்களாமே, சட்டப்படி வாங்க முடியுமா?

பதில்: காட்டிலிருந்து பிடித்ததை வணிகத்துக்காக வாங்க முடியாது. பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 2019இல் இதனைத் தன் முதலாம் பின்னிணைப்பில், அதாவது காட்டில் பிடித்தவற்றின் வணிகத்துக்கு இடந்தராத பட்டியலில், சேர்த்தது. இலங்கையிலும் இதனைப் பிடிப்பது குற்றம்.

கேள்வி: அடுத்த மாதம் நக்கிள்ஸ் செல்கிறேன். படம் எடுக்கலாமா?

பதில்: தாராளமாக எடுங்கள், ஆனால் கையில் தூக்கவோ, வெளிச்சமான கிளைக்கு மாற்றவோ வேண்டாம். படத்தை வெளியிடுமுன் கோப்பிலுள்ள இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். கடத்துபவருக்கு அது போதும்.