‘அப்ராட்’டுக்கு முன்னால் ‘டு’ வருமா? – வாசகர் கேள்வி-பதில்

‘ஹி வென்ட் டு ஜெர்மனி’ சரி என்றால் ‘ஹி வென்ட் டு அப்ராட்’ மட்டும் ஏன் தவறு?

ஜெர்மனி என்பது பெயர்ச்சொல், ‘டு’ தேவை. ‘அப்ராட்’ இடத்தைக் குறிக்கும் வினையடை. ‘வெளிநாட்டுக்கு’, ‘வெளிநாட்டில்’ என்ற இரண்டு பொருளும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. நாம் உருபு சேர்த்தே பேசிப் பழகியவர்கள் என்பதால், ‘கு’வுக்கு ஈடாக ‘டு’வும் ‘இல்’லுக்கு ஈடாக ‘இன்’னும் தாமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன.

இந்தச் சொல்லை ‘வெளிநாடு’ என்று மனப்பாடம் செய்வதில்தான் சிக்கலே தொடங்குகிறது. நம்முடைய ‘வெளியே’ என்ற சொல்லைப் பாருங்கள். வெளியே போனார், வெளியே இருக்கிறார்: எந்த உருபும் இல்லை. ‘அப்ராட்’டும் அப்படித்தான் நடக்கும். ‘ஷி வென்ட் அப்ராட்’, ‘ஷி லிவ்ஸ் அப்ராட்’. இவ்வளவுதான்.

அப்படியானால் ‘ஃப்ரம் அப்ராட்’ என்பதும் தவறா?

இல்லை, முழுக்கச் சரி. போவதையும் இருப்பதையும் ‘அப்ராட்’ தானே சொல்லிவிடும். அங்கிருந்து வருவதைச் சொல்லாது. அதற்கு ‘ஃப்ரம்’ கட்டாயம் வேண்டும். தமிழிலும் ‘வெளியே வந்தார்’ வேறு, ‘வெளியிலிருந்து வந்தார்’ வேறு அல்லவா? ‘ஹி ரிட்டர்ன்ட் ஃப்ரம் அப்ராட்’ என்றே எழுதுங்கள். ‘அப்ஸ்டேர்ஸ்’, ‘டவுன்டவுன்’ போன்றவற்றுக்கும் இதே விதி.

தற்குறிப்பில் ‘அப்ராட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று போடலாமா?

வேண்டாம். ‘அப்ராட்’ பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பெயரடையாக நிற்காது; பின்னால்தான் வரும். ‘ஒர்க் எக்ஸ்பீரியன்ஸ் அப்ராட்’ அல்லது ‘ஓவர்சீஸ் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று மாற்றுங்கள். ‘அப்ராட் ட்ரிப்’ என்பதும் இதே பிழை. ‘ட்ரிப் அப்ராட்’, ‘ஃபாரின் ட்ரிப்’ இரண்டும் சரி. ‘ஸ்டடி அப்ராட் ப்ரோக்ராம்’ என்று பார்க்கிறோமே என்பீர்கள். அங்கே ‘ஸ்டடி அப்ராட்’ முழுவதும் ஒரே அடையாக நிற்கிறது. ‘அப்ராட்’ தனியாக நிற்கவில்லை.

‘ஓவர்சீஸ்’, ‘அப்ராட்’: இரண்டும் ஒன்றா?

பெரும்பாலும் மாற்றிப் போடலாம். ஆனால் ‘ஓவர்சீஸ்’ சொல்லுக்குள் கடல் இருக்கிறது. பிரான்சிலிருந்து காரில் ஜெர்மனி போகிறவரைப் பற்றிச் சொல்ல ‘அப்ராட்’தான் பொருந்தும். இலக்கண வேறுபாடும் உண்டு: ‘ஓவர்சீஸ்’ வினையடையாகவும் வரும், பெயரடையாகவும் வரும். வினையடையாக வரும்போது அதற்கும் ‘டு’ கூடாது.

‘அபோர்ட்’டும் ‘அப்ராட்’டும் எழுத்துக்கூட்டலில் குழம்புகின்றன.

எழுத்துகள் ஆறும் ஒன்றே. ‘ஆர்’ நிற்கும் இடம்தான் வேறு. ‘பி’யை அடுத்து ‘ஆர்’ வந்தால் ‘அப்ராட்’. கடைசி ‘டி’க்கு முன்னால் வந்தால் ‘அபோர்ட்’, அதாவது கப்பல், விமானம் போன்றவற்றில் ஏறியிருப்பது. ‘அபோர்ட் த ஷிப்’ என்று அதன் பின்னால் ஒரு பெயர் வரலாம். ‘அப்ராட்’டுக்குப் பின்னால் அப்படி வராது.

உச்சரிப்பிலும் கவனம் தேவை. ‘ரோட்’, ‘லோட்’ போல எழுதப்படுவதால் ‘அப்ரோட்’ என்று படிப்பவர்கள் உண்டு. ‘ப்ராட்’, ‘அப்ராட்’ இரண்டும் அந்த வரிசைக்கு விலக்கு. உயிரொலியை நீட்டி, இரண்டாம் அசையில் அழுத்தம் கொடுத்துச் சொல்ல வேண்டும்.

பழைய நாவல் ஒன்றில் ‘எ ரூமர் இஸ் அப்ராட்’ என்று வருகிறது. வதந்தி வெளிநாட்டிலா இருக்கிறது?

ஊரெங்கும் பரவியிருக்கிறது என்று பொருள். ‘ப்ராட்’ என்றால் அகலம். அதிலிருந்து ‘பரவலாக’, பிறகு ‘வீட்டுக்கு வெளியே’, அதன் பிறகே ‘நாட்டுக்கு வெளியே’ என்று பொருள் விரிந்தது. பழைய எழுத்தில் ஒருவர் ‘அப்ராட்’ நடந்தார் என்றிருந்தால், அவர் வாசலைத் தாண்டினார் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘லாஸ்ட் இயர்’ முன்னால் வருமா, ‘அப்ராட்’ முன்னால் வருமா?

இடம் முதலில், காலம் பிறகு: ‘ஹி வென்ட் அப்ராட் லாஸ்ட் இயர்’.