எட்டு மாத சைட்டுக்கு எந்த கேபின்?

வணக்கம் நண்பரே. ஒரகடத்தில் எட்டு மாத வேலை, ஆபீஸில் நான்கு பேர், போர்ட்டா கேபினை (லாரியில் கொண்டுவந்து இறக்கும் ரெடிமேட் அறை) வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எட்டு மாதத்துக்கு வாடகைதான் சரி. லாரி, கிரேன் செலவு யாருடையது என்பதை மட்டும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

20-க்கு 8 அடி கேபினில் நான்கு மேசை போட்டால் வரைபடம் விரிக்க இடம் இருக்காது. 20-க்கு 10 கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் சுவரும் கூரையும். தகரத்துக்குள் வெறும் பிளைவுட் அடித்த கேபினில் ஒரு மே மாதம் முழுக்க இருந்திருக்கிறேன். மதியத்துக்கு மேல் உள்ளே உட்காரவே முடியாது, ஏசி ஓடியும் பயனில்லை. குறைந்தது 50 மி.மீ. பஃப் பேனல் (இரண்டு தகட்டுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை) கேளுங்கள். தெர்மாகோல் பேனல் மலிவுதான், ஆனால் தீப்பிடித்தால் உருகி எரியும். பக்கத்திலேயே வெல்டிங் நடக்கும் என்றால் ராக்வூல் (கல்லை உருக்கிச் செய்த பஞ்சு) பேனல் எடுங்கள், அது எரியாது. நீளச் சுவர்கள் வடக்கு, தெற்கு பார்த்து இருந்தால் மேற்கு வெயில் குட்டைச் சுவரில் மட்டும்தான் விழும்.

ஐப்பசி மழைக்கு முன்பே கேபினை ஒன்றரை அடி உயர கான்கிரீட் பிளாக் மேல் ஏற்றிவிடுங்கள். அப்புறம், முழுக்க இரும்பு உடம்பு அது. எர்த்திங்கும் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையை நிறுத்தும் சுவிட்ச்) போடாமல் கரண்ட் கொடுக்க விடாதீர்கள்.