பருவ முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்று 12 அணிகள் ஆன பிறகு அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் வழக்கமான ஆட்டங்களுக்கு மவுசு குறைந்துவிட்டதா?

ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. உச்சியில் கொஞ்சம் இறங்கி, நடுவில் நன்றாக ஏறியிருக்கிறது. நீங்கள் அங்கே படிக்கப் போயிருக்கிறீர்கள், எந்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கலாம் என்ற யோசனையில் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

2014 முதல் 2023 பருவம் வரை பிளேஆஃபில் 4 அணிகள்தான். இரண்டு தோல்வியோடு ஓர் அணிகூட உள்ளே போனதில்லை. 2023இல் 13 ஆட்டங்களையும் வென்ற ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கே இடமில்லை. ஆகவே அக்டோபரில் இரண்டாவது தோல்வி வந்தால் அந்த ரசிகருக்குப் பருவம் அங்கேயே முடிந்தது. 2024 முதல் 12 இடங்கள். 2024, 2025 பருவங்களில் அவை: தரவரிசையில் முன்னே நிற்கும் 5 கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் பிரிவு) சாம்பியன்கள், தேர்வுக் குழு எடுக்கும் 7 அணிகள். இதனால் நவம்பரில் 8ஆவது இடத்திலிருந்து 16ஆவது இடம் வரை உள்ள அணிகளின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உயிர் வந்துவிட்டது. பிக் 12 என்ற கான்ஃபரன்ஸில் கடைசியாக வரும் என்று கணிக்கப்பட்ட அரிசோனா ஸ்டேட் 2024இல் சாம்பியனாகி காலிறுதி வரை போனது பழைய முறையில் நடந்திருக்காது.

"ஒஹாயோ ஸ்டேட் பரம எதிரியான மிச்சிகனிடம் தோற்றும் கோப்பை வாங்கியதே, பிறகு அந்த ஆட்டத்துக்கு என்ன மதிப்பு?" என்று கமெண்டில் வருவார்கள், தெரியும். 2024 நவம்பர் 30, கொலம்பஸ், 13-10. மிச்சிகன் வீரர்கள் மைதானத்தின் நடுவே தங்கள் கொடியை ஊன்றப்போக, கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடிக்கும் அளவுக்குப் போனது. மதிப்பில்லாத ஆட்டத்துக்கு யாரும் அப்படிக் கொதிக்க மாட்டார்கள். தோல்விக்கான தண்டனை குறைந்தது என்பதை மறுக்கவில்லை. பழைய முறையில் அன்றோடு ஒஹாயோ ஸ்டேட்டின் கதை முடிந்திருக்கும்.

உண்மையில் அடி வாங்கியது கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டங்கள். 2024இல் டெக்சஸ், பென் ஸ்டேட், எஸ்.எம்.யூ மூன்றும் தோற்றும் பிளேஆஃபுக்குள் வந்தன. டெக்சஸை வென்ற ஜார்ஜியாவோ அதே ஆட்டத்தில் தாக்குதலை நடத்தும் முக்கிய வீரரான குவார்ட்டர்பேக்கைக் காயத்துக்குப் பறிகொடுத்து, காலிறுதியில் நோட்ரடேமிடம் வீழ்ந்தது. வென்றவருக்கு நஷ்டம், தோற்றவருக்குப் பாதகமில்லை என்றால் ரசிகர் எதற்குப் பணம் கட்டிப் போவார்? பிளேஆஃப் சேராத பவுல் ஆட்டங்களின் (பருவ முடிவில் நடக்கும் தனி ஆட்டங்கள்) நிலை இன்னும் மோசம், தொழில்முறை லீகான என்.எஃப்.எல் போகும் நட்சத்திரங்கள் ஆடாமலே ஒதுங்கிவிடுகிறார்கள்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். முதல் சுற்றைத் தவறவிடாதீர்கள். பிளேஆஃப் வரிசையில் 5 முதல் 8 வரை உள்ள அணிகள் அதைச் சொந்த மைதானத்தில் ஆடும். அணிகள் அறிவிக்கப்பட்டு இரண்டு வாரத்துக்குள் ஆட்டம் வந்துவிடும். செமஸ்டர் பரீட்சை முடிந்து ஊருக்குப் போகும் நேரமும் அதுதான். டிசம்பர் மூன்றாம் வாரத்துக்குப் பிந்தைய தேதிக்கு விமான டிக்கெட் போடுங்கள். அதற்கு மேல் எல்லாம் வெளியூர். 2024 பருவத்தில் ஒஹாயோ ஸ்டேட் ரசிகர் முழுப் பயணமும் போயிருந்தால் டிசம்பர் 21 கொலம்பஸ், ஜனவரி 1 பாசடீனா, 10 ஆர்லிங்டன், 20 அட்லாண்டா. நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. எனவே பலர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விட்டுவிடுகிறார்கள். காலிறுதியையும் சொந்த ஊரில் வைத்தால்தான் கூட்டம் நிற்கும்.

டிவியில் பார்க்கலாமென்றால் அங்கே வேறு சிக்கல். 2024 டிசம்பர் 21இல் நடந்த மூன்று முதல் சுற்று ஆட்டங்களில் இரண்டை என்.எஃப்.எல் ஆட்டங்களோடு மோதவிட்டார்கள். பார்வையாளர் எண்ணிக்கையில் இரண்டும் தோற்றன.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. ரசிகரின் ஆர்வத்தைக் கெடுப்பது பிளேஆஃபின் அளவல்ல, வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலின் தேதி. 2024இல் அது திறந்தது டிசம்பர் 9. பென் ஸ்டேட்டின் மாற்று குவார்ட்டர்பேக் முதல் சுற்றுக்கு முன்பே வேறு கல்லூரி தேடிக் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், காத்திருந்தால் நல்ல இடமெல்லாம் போய்விடும். அடுத்த பருவத்தில் ஜனவரி 2க்குத் தள்ளினார்கள். அப்போதும் அரையிறுதி பாக்கி. இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் திறப்பதில் என்ன கஷ்டம்?