பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டால் என்ன? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே சோஷியல் மீடியா கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. மீறினால் தண்டனை பிள்ளைக்கா, பெற்றவருக்கா?

பதில்: இரண்டு பேருக்கும் இல்லை. 2025 டிசம்பர் 10 முதல் அமலில் இருக்கும் அந்தச் சட்டம் கம்பெனிகளைத்தான் பிடிக்கிறது. 16 வயது ஆகாதவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க நியாயமான முயற்சி எடுக்காவிட்டால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் எல்லாம் சிக்கியிருக்கின்றன, வாட்ஸ்அப் தப்பித்தது. அப்புறம் இன்னொன்று, "நான் பார்த்துக்கொள்கிறேன், கணக்கு கொடுங்கள்" என்று அப்பா அம்மா எழுதிக் கொடுத்தாலும் அங்கே செல்லாது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் போகும் வழி வேறு. 18 வயது ஆகாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலை வாங்கச் சொல்கிறது, அதாவது கடைசி வார்த்தை நம்முடையது.

கேள்வி: எல்லா ஆப்பும் 13 வயது என்கிறதே, டாக்டர்கள் சொன்ன கணக்கா?

பதில்: இல்லவே இல்லை. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தகவலைப் பெற்றோரைக் கேட்காமல் வாங்கக் கூடாது என்று 1998இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு வீடாக அனுமதி கேட்பதைவிட 13க்குக் கீழே வராதே என்று சொல்லிவிடுவது சுலபம். அவ்வளவுதான்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. கிளாஸில் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அடம்பிடித்ததால், நானே பிறந்த வருடத்தை 1990 என்று மாற்றி இன்ஸ்டாகிராம் திறந்து கொடுத்தேன். தப்பா?

பதில்: தப்புதான் அம்மா. பொய் சொன்னீர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த ஆப்பின் கணக்கில் உங்கள் மகள் இப்போது முப்பது தாண்டிய பெண்மணி. பதின்வயதினருக்கென்று 2024இல் இன்ஸ்டாகிராம் கொண்டுவந்த டீன் அக்கவுன்ட் இருக்கிறதே, அதில் கணக்கு தானாகவே பிரைவேட், முன்பின் தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு 10 மணிக்கு மேல் நோட்டிஃபிகேஷன் வராது. பெயருக்காவது இருக்கும் அந்த வேலிகூட உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இல்லாமல் போனது அந்த 1990ஆல்தான். கணக்கை மூடிவிடுங்கள். அழுவாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், பரவாயில்லை. திறந்தது நீங்கள் என்பதால் அவளைத் திட்ட மட்டும் வேண்டாம். மூடும்முன் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மெசேஜ்களைப் பாருங்கள். யாராவது போட்டோ கேட்டிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டுப் புகார் கொடுங்கள். "எது நடந்தாலும் என்னிடம் சொல், போனைப் பிடுங்க மாட்டேன்" என்றும் சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடக்கவும் வேண்டும். திருட்டுத்தனமாகக் கணக்கு வைத்திருக்கும் பிள்ளை, மாட்டிக்கொண்டால் முதலில் மறைப்பது நம்மிடம்தான்.

கேள்வி: சட்டம் வந்தால் வீட்டில் சண்டை குறையுமா?

பதில்: "எல்லாரும் இருக்காங்க" என்ற ஒரு வாதம் வேண்டுமானால் அடிபடும். ஆனால் ஆஸ்திரேலியாவிலேயே லாகின் செய்யாமல் யூடியூப் பார்க்கத் தடை இல்லை, கணக்கோடு சேர்ந்து வரும் பெற்றோர் கட்டுப்பாடும் அப்போது வேலை செய்யாது. எனவே எட்டிப் பார்க்கும் வேலை நமக்குத் தொடரும்.