சோபா பட்டறையின் மிச்சம் மீதி: கேள்விகளும் பதில்களும்

சோபா, கார் சீட், மெத்தை வேலைகளில் மிஞ்சுவதை என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஐயா, ஃபோம் துண்டுகள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிட்டன. எடுத்துக்கொள்ள யாராவது உண்டா? (கோவை)

உண்டு. கடைகளில் பல நிறப் புள்ளிகளுடன் கனமாக ஒரு மெத்தைப் பலகை பார்த்திருப்பீர்கள். ரீபாண்டட் ஃபோம் என்பார்கள். வெட்டுத் துண்டுகளை அரைத்து, பசை கலந்து, அச்சில் அழுத்தி, நீராவியால் இறுகவைத்துச் செய்வது அது. அதைச் செய்யும் ஆலைகளுக்காகத் துண்டு வாங்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். உங்களுக்கு ஃபோம் தருகிற கடையிலேயே விசாரியுங்கள். ஆனால் மூட்டைக்குள் துணி, நூல், ஈரம், முக்கியமாக ஸ்டேப்பிள் பின் இருக்கக் கூடாது. ஒரு பின் போதும், அரைக்கும் இயந்திரத்தின் கத்தி போய்விடும். கலந்து கட்டிய மூட்டைக்கு விலை கிடைக்காததில் வியப்பில்லை.

அதே துண்டுகளைத் தலையணையில் அடைக்கலாமா?

புதிய ஃபோமின் வெட்டுத் துண்டு என்றால் தாராளமாக. கத்தியால் சதுரமாக நறுக்காமல் கையால் கிள்ளிப் போடுங்கள். கிழிந்த ஓரங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்; நறுக்கியவை வழுக்கி ஒரு மூலையில் குவியும். உள்ளே மார்க்கின் துணியில் (வெளுக்காத சாதாப் பருத்தித் துணி) ஒரு பை தைத்து, அதில் அடைத்த பிறகே மேலுறை. இல்லாவிட்டால் தையல் வழியே துகள் வந்துகொண்டே இருக்கும்.

பழைய சோபாவின் ஃபோம் மஞ்சளாகிவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா? (மதுரை)

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளிச்சமும் காற்றும் பட்டாலே ஃபோம் மஞ்சளாகும். உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுங்கள். உடனே எழுந்தால் உயிர் இருக்கிறது. கைப்பிடிக்கோ முதுகின் பக்கவாட்டுக்கோ போதும். பள்ளம் அப்படியே நின்றாலோ, விரலில் மாவாக உதிர்ந்தாலோ அதற்கு வேலை முடிந்தது. இன்னொன்று: பழையதைப் போட்டால் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். பழையதை உள்ளே வைத்துவிட்டு, 40 டென்சிட்டி (அடர்த்தி) புதிய ஃபோம் என்று பில் எழுதுவதற்கு மறுபயன்பாடு என்று பெயர் கிடையாது.

துணி மிச்சம்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி. கைக்குட்டை அளவு, முழ அளவு என்று கிடக்கிறது. (திருப்பூர்)

முதலில் பைப்பிங். ஓரங்களில் கயிறு வைத்துத் தைக்கும் பட்டைக்கு முழுத் துணியில் கை வைக்கவே தேவையில்லை. மிச்சத் துண்டை 45 டிகிரி சாய்வில் 4 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால்தான் வளைவில் சுருங்காமல் திரும்பும். பட்டைகளை இணைக்கும் தையலும் சாய்வாகவே இருக்கட்டும். நேராக இணைத்தால் அந்த இடம் மட்டும் முண்டாகப் புடைக்கும். அடுத்து பட்டன்: அரை சாண் துணியில் பல பட்டன்கள் மூடிவிடலாம். குஷனுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் நிறம் மாறினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. வேலை முடிந்ததும் ஒரு முழத் துண்டை வாடிக்கையாளரிடமே கொடுத்துவிடுங்கள். நாளை பூனை கீறினால் ஒட்டுப்போட அதே துணி கிடைக்காது.

வெல்வெட்டில் மட்டும் கவனம். இழை சாயும் திசை மாறினால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும்.

ரெக்சின் குப்பையைக் கொல்லைப்புறத்தில் எரித்துவிடுகிறோம். தவறா?

தவறுதான். ரெக்சின் என்பது பெரும்பாலும் துணிமேல் பூசிய பி.வி.சி. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அதோடு ஃபோமும் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் சேர்ந்து வரும். துணியும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதால் இதை மறுசுழற்சி செய்வதும் கடினம். அதனால் வெட்டும்போதே சிக்கனம் வேண்டும். மிஞ்சியதில் கருவிப் பை, நாற்காலிக் கால் அட்டை, ஸ்கூட்டர் சீட்டுக்கு ஒட்டு.

தோல் துண்டுகள்? (வாணியம்பாடி)

உங்கள் ஊருக்கு நான் சொல்லித்தர வேண்டுமா! முதுகுப் பகுதித் துண்டைப் பெட்டிக் கைப்பிடிக்கும் வாருக்கும் வையுங்கள். வயிற்றுப் பகுதி இழுபடும், சாவிக்கொத்துக்குத்தான் ஆகும். குரோம் பதனிட்ட தோலை எரிக்கவோ உரக்குழியில் போடவோ வேண்டாம். எரியும்போது அதிலுள்ள குரோமியம் கொடிய நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும்.

தாத்தா காலத்து சோபாவைப் பிரித்தால் தேங்காய் நாரும் பஞ்சும் வருகின்றன. (நாகர்கோவில்)

நாரை விடாதீர்கள். கையால் பிரித்து, அலசி, நன்றாகக் காயவைத்தால் மறுபடி நிமிர்ந்து நிற்கும். ரப்பர் பூசிய நார்ப்பலகை அப்படியல்ல. ரப்பர் காய்ந்துவிட்டால் பொடிதான். பருத்திப் பஞ்சை அடித்து வாங்கிக்கொள்ளலாம். கட்டிதட்டிய இலவம்பஞ்சு பழைய நிலைக்கு வராது. எதிலாவது மூட்டைப்பூச்சியின் கறுப்புப் புள்ளி தெரிந்தால் பட்டறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

சோபா இருக்கைக்கு அடியில் வரும் நெளிநெளியான கம்பி, அந்த சிக்சாக் ஸ்ப்ரிங்கை மறுபடி பூட்டலாமா?

கழற்றித் தரையில் போடுங்கள். தானே வளைந்து சுருண்டால் பூட்டலாம். நீட்டிப் படுத்துக்கொண்டால் இரும்புக் கடைக்கு.

எல்லாம் சரி, எங்கிருந்து தொடங்குவது?

வெட்டும் மேசைக்கு அடியில் நான்கு சாக்கு கட்டுங்கள்: ஃபோம், துணி, ரெக்சின், தோல். மாலையில் கூட்டி அள்ளிய பிறகு பிரிக்க உட்கார்ந்தால் ஒருநாளும் நடக்காது; கத்தி கையில் இருக்கும்போதே அதது அதன் சாக்கில் விழ வேண்டும். பின்களுக்கு, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு குச்சியில் கட்டித் தரையில் இழுத்தால் போதும்.