ஸ்பெக்ட்ரம் கணினியில் திரையில் வரைந்த படத்தைச் சேமிப்பது எப்படி?

கேள்வி: 1982-இல் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் வரைந்த படத்தை ஒலிநாடாவில் (கேசட்) சேமித்து மீண்டும் ஏற்றினால், கடைசி இரண்டு வரிகள் மட்டும் வெறுமையாக இருக்கின்றன. ஏன்?

பதில்: பிழை உங்களுடையது அன்று. 'சேவ்' கட்டளையுடன் 'ஸ்கிரீன்$' என்று சேர்த்தால், திரைக்கான நினைவகம் தொடங்கும் 16384-ஆம் முகவரியிலிருந்து 6912 பைட்டுகள் நாடாவில் பதிவாகும். அவற்றில் 6144 புள்ளிகளுக்கும், எஞ்சிய 768 வண்ணங்களுக்கும் உரியவை. ஆனால் பதிவு தொடங்குமுன் நாடாவை ஓடவிடச் சொல்லும் அறிவிப்பு கீழ் இரு வரிகளில் தோன்றி, விசையை அழுத்தியதும் அந்த இடம் துடைக்கப்படுவதால், அங்கே வரைந்தவை பதிவுக்கு முன்பே அழிந்துவிடுகின்றன.

ஆகவே, படத்தை வரைந்த நிரலுக்குள்ளேயே, நினைவகத்தைப் படிக்கும் 'பீக்', அதில் எழுதும் 'போக்' ஆகியவற்றால் 6912 பைட்டுகளையும் 40000-ஆம் முகவரிக்கு நகலெடுத்து (16கே நினைவகம் கொண்டதில் இயலாது, 48கே கணினி வேண்டும்; கணினியின் நிரல்மொழியான பேசிக்கில் சற்று நேரமும் பிடிக்கும்), அந்த நகலை 'கோட் 40000,6912' என்று சேமியுங்கள். ஏற்றும்போது 'லோட்' கட்டளையுடன் 'கோட் 16384' என்று கொடுத்தால் போதும். அதையும் நிரலுக்குள் எழுதி, அடுத்து, விசை அழுத்தும்வரை காத்திருக்கச் செய்யும் 'பாஸ் 0' (PAUSE 0) சேர்ப்பது அவசியம். இல்லையேல் பணி முடிந்ததைக் கூறும் செய்தி அதே வரிகளை மீண்டும் மறைத்துவிடும்.

ஏற்றும்போது படம் மூன்று பகுதிகளாக, எட்டுக் கோடுகளுக்கு ஒன்றாக நிரம்பி, வண்ணம் இறுதியில் வருவது நினைவக அமைப்பின் இயல்பே. எனக்கு அது பார்க்கச் சலிக்காத காட்சி.