வாசகர் கேள்வி – பதில்: வால் கூண்டில் தனியாக

கேள்வி: இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சு விமானங்களில் பின்புறத் துப்பாக்கி வீரருக்குத்தான் ஆபத்து அதிகம் என்கிறார்களே, நிஜமா?

பதில்: விமானத்தில் இருந்த ஏழு பேருக்குமே ஆபத்துதான். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்துபோனார்கள். அத்தனை பேரும் தாங்களாகவே முன்வந்தவர்கள், பெரும்பாலும் இருபதைத் தாண்டிச் சில வருடங்களே ஆன பையன்கள். ஆனால் வால்பக்கம் உட்கார்ந்தவரின் தனிமை வேறு மாதிரி. லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் கடைசி நுனியில் ஒரு கூண்டு, அதில் நான்கு பிரௌனிங் துப்பாக்கிகளுக்குப் பின்னால் அவர் மட்டும், அவருக்கு மற்றவர்கள் என்றால் காதில் கேட்கும் குரல்கள்தான். இருட்டில் எதிரி விமானம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று பலர் முகத்துக்கு நேரே இருந்த பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகட்டையே எடுத்துவிட்டார்கள், மின்சாரத்தில் சூடாகும் உடை போட்டிருந்தும் அந்தக் குளிர் நேராக முகத்தில் அறையும். பாராசூட் வைக்கக்கூட உள்ளே இடம் கிடையாது. அது கூண்டுக்கு வெளியே, விமானத்தின் உடற்பகுதியில் மாட்டியிருக்கும். தீப்பிடித்தால் கூண்டை நேராகத் திருப்பி, கதவைத் திறந்து, கையை நீட்டி அதை எடுத்து மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் குதிக்க முடியும். கூண்டைத் திருப்பும் ஹைட்ராலிக் அழுத்தம் எஞ்சினிலிருந்து வருவது, அந்த எஞ்சின் நின்றுவிட்டால் அவர் உள்ளேயே அகப்பட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: அப்படி அகப்பட்ட யாராவது பிழைத்தார்களா?

பதில்: பிழைத்தார், பாட் பிராஃபி என்ற கனடா வீரர். 1944 ஜூன் 12-ஆம் தேதி இரவு, வடக்கு பிரான்சில் காம்ப்ரே நகரைத் தாக்கப் போன அவருடைய லங்காஸ்டரை ஜெர்மன் விமானம் ஒன்று சுட்டதில் இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் போய்விட்டன. மேல்கூண்டுத் துப்பாக்கி வீரர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி குதிக்கப் போன நேரத்தில் பின்னால் பிராஃபி மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்த்தார். தீக்குள் ஊர்ந்து போய்க் கோடரியால் கூண்டை உடைக்கப் பார்த்தார், வெறும் கையாலும் இழுத்தார், முடியவில்லை. பிராஃபியே அவரைப் போகச் சொல்லிக் கையசைத்தார். உடையெல்லாம் எரிய, வாசல்வரை பின்பக்கமாகவே ஊர்ந்து போனவர், எழுந்து நின்று நண்பனுக்கு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். தரைக்கு வந்தும் தீக்காயத்தால் இறந்துவிட்டார். விமானம் தரையில் மோதியபோது பிராஃபி வெளியே தூக்கி எறியப்பட்டு உயிர் தப்பினார், அவர் சொன்ன பிறகுதான் நடந்தது வெளியே தெரிந்தது, 1946-இல் மைனார்ஸ்கிக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். யாருமே பிழைக்காத விமானங்களில் இப்படி எத்தனை பேர் எத்தனை பேருக்காகத் தீக்குள் போனார்களோ, அதைச் சொல்ல ஆளில்லை. என்னை ரொம்ப உலுக்குவது அதுதான்.

கேள்வி: விமானம் திரும்பாவிட்டால் வீட்டில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

பதில்: தந்தி வரும், மகனைக் காணவில்லை என்று. பிறகு படைப்பிரிவின் தலைவர் ஒரு கடிதம் எழுதுவார். சிறைபிடிக்கப்பட்டிருக்கலாம், எங்காவது ஒளிந்திருக்கலாம் என்று அம்மாக்கள் காத்திருப்பார்கள், வழக்கமாக ஆறு மாதம் ஆகியும் தகவல் இல்லை என்றால் இறந்ததாக முடிவுகட்டி இன்னொரு கடிதம் வரும். உடலும் இல்லாமல் அந்தக் கடிதத்தை எந்தத் தாய் நம்புவாள்! போர் முடிந்ததும் விமானப்படையின் தேடும் குழுக்கள் ஐரோப்பா முழுக்க அலைந்தன, ஊர்க்காரர்களை விசாரித்தன, பெயரில்லாத கல்லறைகளைத் தோண்டின. மோதிரம், சட்டைக் காலரில் இருந்த சலவைக் குறி, எஞ்சினில் பொறித்த எண் இவற்றை வைத்து ஆயிரக்கணக்கானவர்களை அடையாளம் கண்டார்கள். அப்படியும் கிடைக்காதவர்களுக்காக லண்டனுக்கு மேற்கே ரன்னிமீடில் 1953-இல் ஒரு நினைவிடம் திறந்தார்கள், பல படைப்பிரிவுகளைச் சேர்ந்த 20,000-க்கும் அதிகமான விமானப்படையினரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. குண்டுவீச்சுப் பிரிவுக்கென்று லண்டனில் பெரிய நினைவுச்சின்னம் வந்ததோ 2012-இல்தான். அவர்கள் போட்ட குண்டுகளில் ஜெர்மன் நகரங்களில் பெண்களும் குழந்தைகளும் பெருமளவில் செத்தார்கள், நினைவுச்சின்னம் வைக்க அவ்வளவு காலம் தயங்கியதற்கு நியாயம் உண்டு. அதற்கான உத்தரவு போட்டவர்கள் மேலிடத்தில் இருந்தார்கள், வால் கூண்டில் உறைந்துகொண்டிருந்த பையன்களை அதற்காகப் பல பத்தாண்டுகள் ஒதுக்கி வைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.